13 வயதில் பாட வந்த லீஆன் ரைம்ஸுக்குப் பிறகு என்ன நடந்தது? மகளுக்காகக் கேட்கிறேன்

வெள்ளவத்தை_அம்மா

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி ஒரு அமெரிக்கப் பாடகியைப் பற்றியது, ஆனால் காரணம் வீட்டில் இருக்கிறது, அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

1998இல் நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நாட்களில் கொழும்பு பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் கொடுத்துப் பதிவு செய்து எடுத்த கசெட் ஒன்று வைத்திருந்தேன், அதில் 'ஹவ் டூ ஐ லிவ்' பாட்டு இரண்டு பக்கத்திலும் இருந்தது, திருப்பிப் போடவேண்டிய தேவை இருக்கக்கூடாது என்று நானே அப்படிக் கேட்டு வாங்கினேன். பாடிய பிள்ளைக்கும் எனக்கும் ஒரே வயது என்று தெரிந்த அன்று நித்திரையே வரவில்லை. அப்புறம் படிப்பு, வேலை, கலியாணம் என்று அவரை மறந்துபோனேன். தகப்பன் மேலேயே வழக்குப் போட்டார் என்று மட்டும் எங்கேயோ கேள்விப்பட்டேன்.

இப்போது என் மகளுக்கு 12 வயது. வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகளுக்குப் படிக்கிறாள், ஆனால் மனம் முழுக்க தாத்தா சொல்லிக்கொடுத்த, ஜிம் ரீவ்ஸ் என்ற பழைய அமெரிக்கப் பாடகரின் பாட்டுகளில்தான். போன மாதம் ஒரு சொந்தக்காரரின் கலியாண வரவேற்பில் இரண்டு பாட்டுப் பாடினாள், யாரோ வீடியோ எடுத்துப் போட, அது பரவிவிட்டது. அங்கே வாசித்த இசைக்குழுவின் தலைவர் அடுத்த ஞாயிறே வீட்டுக்கு வந்தார். ஐந்து வருட ஒப்பந்தம், ஒரு நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று பேச்சு. என் வீட்டுக்காரருக்கு விருப்பம், 'வாசல் தேடி வந்ததைத் தள்ளக்கூடாது' என்கிறார். எனக்கு அந்தக் கடதாசியைக் கண்டால் வயிற்றைப் பிசைகிறது.

அந்தப் பாடகி 13க்குப் பிறகு எப்படிப் போனார், என்ன இழந்தார், இப்போது எப்படி இருக்கிறார்? ஒழுங்காகத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


தெஹிவளை_கன்ட்ரி

அக்கா, நான் 1996இலிருந்து இவரைக் கேட்கிறவன், தெரிந்ததை எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

பிறந்தது 1982 ஆகஸ்ட் 28, மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சனில். ஆறு வயதில் குடும்பம் டெக்சாஸில் கார்லண்ட் என்ற ஊருக்கு மாறியது, எட்டு வயதில் 'ஸ்டார் சர்ச்' தொலைக்காட்சிப் போட்டியில் பாடினார். 1994இல் ஒரு சின்ன வெளியீடாக 'ஆல் தட்' என்ற அல்பம் வந்தது. 'ப்ளூ' பாட்டை முதலில் பாடியது அதில்தான், அப்போது அவருக்கு 11 வயது. எழுதியவர் பில் மாக் என்ற டெக்சாஸ் வானொலி அறிவிப்பாளர். தகப்பனுக்குப் பாட்டு முதலில் பிடிக்கவில்லையாம், பிள்ளைதான் விடாமல் நின்று தன் விருப்பத்துக்கு அந்த யோடலை, அதாவது குரலை உடைத்து மேலே தாவவிடும் பாணியை, சேர்த்துக்கொண்டார். கர்ப் என்ற இசைத்தட்டு நிறுவனம் 1996இல் மறுபடி வெளியிட்டபோது 1963இல் இறந்துபோன பாடகி பாட்ஸி க்ளைனுக்காக எழுதிவைத்த பாட்டு என்று ஒரு கதையும் கூடவே பரவியது, ஆனால் இவருக்கு முன்னரே வேறு சிலரும் அதைப் பாடிப் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஒரு தடவை ஹெட்போனில் கேளுங்கள். 'ப்ளூ' என்ற அந்த ஒரு சொல்லில் குரல் நெஞ்சிலிருந்து மேலே தாவி, நடுவில் நூல் அறுவதுபோல் அறுந்து, விழாமல் மறுபடி கீழே வந்து உட்காரும். கமகம் பழகிய உங்கள் மகளுக்கு அந்த இடம் உடனே பிடிபடும், நம்மிடம் அந்த அறுபடலை மறைப்பார்கள், அங்கே அதையே பாட்டின் உயிராக வைக்கிறார்கள். 13 வயதில் இவர் அதைச் செய்தார்.

1997 பெப்ரவரியில் அமெரிக்காவின் பெரிய இசை விருதான கிராமி இரண்டு, சிறந்த புதிய கலைஞர், சிறந்த கன்ட்ரிப் பாடகி (கன்ட்ரி என்பது அங்கத்தைய நாட்டுப்புற இசையிலிருந்து வந்த வகை). வயது 14. புதிய கலைஞர் விருதை வாங்கிய முதல் கன்ட்ரிப் பாடகர் என்று இவரைத்தான் சொல்வார்கள். அதே வருடம் உங்கள் கசெட் பாட்டு. டயான் வாரன் எழுதியது, ஒரு படத்துக்காக இவர் பாடிக் கொடுக்க, படக்காரர்கள் ட்ரிஷா இயர்வுட் என்ற இன்னொரு பாடகியைப் பாடவைத்துப் படத்தில் சேர்த்தார்கள், இரண்டு பதிவும் ஒரே நாளில் கடைக்கு வந்தன. பில்போர்ட் என்ற அமெரிக்கப் பாட்டு வரிசைப் பட்டியலில் இவருடையது இரண்டாம் இடத்துக்கு மேல் ஏறவில்லை, ஆனால் 69 வாரம் பட்டியலை விட்டு வெளியே போகாமல் நின்றது, அப்போது அது சாதனை. 1998 கிராமியில் ஒரே பாட்டுக்கு இரண்டு பேரும் போட்டி போட்டார்கள், விருது இயர்வுட்டுக்குப் போனது. 15 வயதுப் பிள்ளை அந்த மேடையில் அந்தப் பாட்டைப் பாடிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வழக்கு உண்மை. 2000ஆம் ஆண்டு மே மாதம், 17 வயதில், தகப்பன் மேலும் முன்னாள் முகாமையாளர் மேலும் போட்டார். ஐந்து வருடத்தில் 7 மில்லியன் டொலருக்கு மேல் தன் பணத்தை எடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. தகப்பன் மறுத்து எதிர்வழக்குப் போட்டார். நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொல்லாமலே அது சமரசத்தில் முடிந்தது, பிறகு தகப்பனும் மகளும் ஒன்றாகிவிட்டார்கள், அதனால் யார் சரி என்று நான் சொல்லமாட்டேன்.

எனக்கு இதைவிடக் கனக்கிறது இரண்டாவது வழக்கு. அதே வருடக் கடைசியில் கர்ப் நிறுவனத்தின் மேல், 12 வயதில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கச் சொல்லி. அந்த வழக்கு நடக்கும்போதே 2001 தொடக்கத்தில் நிறுவனம் 'ஐ நீட் யூ' என்று ஒரு அல்பத்தை வெளியிட, அது தன் விருப்பத்தில் வந்ததல்ல என்று இவரே ரசிகர்களுக்குச் சொல்லவேண்டி வந்தது. தன் குரல் இருக்கும் தட்டை வாங்காதே என்கிற மாதிரி ஒரு பாடகி பேசுவது எவ்வளவு கொடுமை. கடைசியில் 2001 முடிவில் புது ஒப்பந்தம், அங்கேயே தொடர்ந்தார், 2013இல் 'ஸ்பிட்ஃபயர்' வரைக்கும். எண்ணிப் பாருங்கள் அக்கா, 12 வயதில் போட்ட கையெழுத்து 30 வயது வரை கூடவே வந்திருக்கிறது.

பாடுவதை அவர் விடவில்லை. 'கான்ட் ஃபைட் த மூன்லைட்' 2000இல் பிரிட்டனில் முதலிடம். 2007இல் வந்த 'ஃபாமிலி' அல்பத்தில்தான் எல்லாப் பாட்டிலும் எழுத்தில் அவர் பங்கு வந்தது, 25 வயது. 2012இல், 30ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள், மன அழுத்தத்துக்காகச் சிகிச்சைக்குப் போய் ஒரு மாதம் இருந்தார், அதை மறைக்காமல் பேசியும் இருக்கிறார். 2022இல் 'காட்ஸ் வர்க்' அல்பம், 2024இல் பிரிட்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் 'த வொய்ஸ்' பாட்டுப் போட்டி நிகழ்ச்சியில் பயிற்சியாளராக உட்கார்ந்தார். குரல் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது, எனக்குச் சந்தோசம் அதுதான்.


பழைய_ரேடியோ

பிள்ளை, தம்பி நன்றாக எழுதியிருக்கிறார். நான் இலங்கை வானொலியின் ஆங்கில சேவையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை, எனக்கு இந்த வரிசையில் முதல் ஆள் பிரெண்டா லீ. டிசம்பர் வந்தால் கொழும்பு காலி வீதியில் எந்தக் கடைக்குள் போனாலும் 'ராக்கின் அரவுண்ட் த கிறிஸ்மஸ் ட்ரீ' கேட்குமே, அந்தக் குரல். அதைப் பாடியபோது அவருக்கு 13 வயது, 1958. வளர்ந்த பெண் பாடுவதாகத்தான் நாங்கள் நெடுநாள் நினைத்திருந்தோம்.

1944இல் அட்லாண்டாவில் பிறந்தவர். தகப்பன் கட்டட வேலை செய்தவர், 1953இல் விபத்தில் இறந்துபோனார், அப்போது பிள்ளைக்கு எட்டு வயது. அந்த வீட்டுக்கு அதற்குப் பிறகு உழைத்தது அந்தக் குரல்தான், இதை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும். 1956இல் டெக்கா என்ற இசைத்தட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம், 11 வயது. 1957இல் 'டைனமைட்' என்று பாடியதால் 'லிட்டில் மிஸ் டைனமைட்' என்று பேர் ஒட்டிக்கொண்டது, ஆளின் உயரமும் 4 அடி 9 அங்குலம்தான். 1960இல் 'ஐம் சாரி'. 15 வயதுப் பிள்ளை காதல் முறிவைப் பாடினால் சனம் ஏற்குமா என்று நிறுவனம் அதைக் கொஞ்சநாள் வெளியே விடாமல் வைத்திருந்தது, விட்டதும் முதலிடம். 70களில் கன்ட்ரிக்குத் திரும்பினார், 1997இல் கன்ட்ரி ஹோல் ஒஃப் ஃபேம் (பெரிய கலைஞர்களைக் கௌரவிக்கும் பட்டியல்), 2002இல் ராக் அண்ட் ரோல் ஹோல் ஒஃப் ஃபேம். அந்த கிறிஸ்மஸ் பாட்டு பில்போர்டில் முதலிடத்துக்கு வந்தது 2023 டிசம்பரில், பாடி 65 வருடம் கழித்து, அவருக்கு 78 வயது. அந்தச் செய்தி வந்த அன்று நான் வீட்டில் அதை நாலு தடவை போட்டுக் கேட்டேன்.

காசு விசயத்தில் ஒன்று சொல்கிறேன். ஜாக்கி கூகன் என்று ஒரு பையன், 1921இல் சாப்ளினுடன் 'த கிட்' படத்தில் நடித்தவன், சின்ன வயதில் மில்லியன் கணக்கில் உழைத்தான். வளர்ந்து கேட்டால் ஒன்றும் மிச்சமில்லை, 1938இல் தாயின் மேலும் மாற்றாந்தகப்பன் மேலும் வழக்குப் போட்டான், கிடைத்தது ஏறக்குறைய 126,000 டொலர். அதற்குப் பிறகு 1939இல் கலிபோர்னியாவில் அவன் பேரிலேயே சட்டம் வந்தது. இப்போது அங்கே பிள்ளைகள் உழைப்பதில் 15 சதவீதம் யாரும் தொடமுடியாத கணக்கில் விழவேண்டும். இங்கே அப்படி யாரும் வந்து பிடித்துவைக்கப் போவதில்லை. ஆகவே நீங்கள்தான் பிள்ளையின் பேரில் ஒரு சேமிப்புக் கணக்குத் திறந்து, 18 வயதுவரை எடுக்கமுடியாதபடி, 15 இல்லை, முழுக் காசையும் போடவேண்டும். பிள்ளையின் காசில் ஒரு மின்கட்டணம்கூடக் கட்டக்கூடாது என்பது என் பிடிவாதம்.


சுருதிப்பெட்டி

அம்மா, நான் பாட்டு ஆசிரியை, பம்பலப்பிட்டியில் வகுப்பு எடுக்கிறேன். வழக்கையும் காசையும் மற்றவர்கள் சொன்னார்கள், நான் தொண்டையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் கேட்பதில்லை.

ஆண்பிள்ளைக்குத்தான் குரல் உடையும் என்று நினைக்கிறோம். பெண்பிள்ளைகளுக்கும் 11 முதல் 14, 15 வரை குரல்வளை வளரும், குரல் மாறும். நேற்றுவரை சுத்தமாக எட்டிய மேல் ஸ்தாயியில் திடீரென்று காற்றுக் கலந்து வரும், நடுவில் ஒரு இடத்தில் பிடி நழுவும். அது நோயும் இல்லை, திறமை போய்விட்டதும் இல்லை. அந்த நேரம் பாட்டைக் கொஞ்சம் இறக்கிப் பாடவேண்டும், சத்தத்தைக் குறைக்கவேண்டும், சில மாதம் பொறுக்கவேண்டும். இசைக்குழுவின் மேடையில் என்ன நடக்கும்? பின்னால் ட்ரம்ஸ், பக்கத்தில் ஸ்பீக்கர், தன் குரல் தனக்கே கேட்காமல் பிள்ளை கத்தத் தொடங்கும். இரவு பதினொரு மணிக்கு வரவேற்பு முடியும், அதற்குள் குளிர் பானம், குளிர்சாதனக் காற்று, சாப்பாடு நேரம் தப்பும். என்னிடம் ஒரு பிள்ளை வந்தது, பேர் ஊர் வேண்டாம், 13 வயதில் ஒரே மாதத்தில் ஒன்பது மேடை. குரல் கம்மிப்போய் வந்து ஏழு மாதம் ஓங்காரமும் சரளி வரிசையுமாக இருந்துதான் மீண்டது. அந்த ஏழு மாதத்தில் அது அழுத அழுகை 'இனி எனக்கு வராதா மிஸ்' என்பதுதான். இன்றைக்கும் அந்தப் பிள்ளையின் முகம் என் கண்ணுக்குள் நிற்கிறது.

ஆகவே முதலில் பாருங்கள், உங்கள் மகளின் சுருதிக்கு அவர்கள் இறங்கி வாசிப்பார்களா, அல்லது கீபோர்டில் பழகிய ஸ்கேலுக்கு அவளை ஏற்றுவார்களா. அதில் ஆளின் குணம் தெரிந்துவிடும்.

இன்னொன்று. டான்யா டக்கர் என்ற கன்ட்ரிப் பாடகியின் கதையையும் மகளுக்குச் சொல்லுங்கள். 1972இல் 13 வயதில் நாஷ்வில் போனவர், பில்லி ஷெரில் என்ற பெரிய தயாரிப்பாளர் ஒரு பாட்டைக் கொடுத்தார், பிள்ளை கேட்டுவிட்டு இது எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பிறகு அவர் 'டெல்டா டோன்' என்ற பாட்டைக் காட்ட, அதைப் பிடித்துக்கொண்டாள், அதுதான் அவளை ஊருக்குக் காட்டியது. வேண்டாம் என்று தள்ளிய பாட்டும் இன்னொருவர் பாடிப் பெரிய வெற்றி பெற்றது, அதனால் தயாரிப்பாளரும் பிழையாகத் தெரிந்தெடுக்கவில்லை. ஆனால் 'டெல்டா டோன்' அந்தக் குரலுக்காகவே காத்திருந்த பாட்டு, அதை அந்தப் பிள்ளைதான் கண்டுபிடித்தது. இவருக்கும் நடுவில் கஷ்டங்கள் வந்தன, போதைப் பழக்கத்துக்கு 1988இல் சிகிச்சை எடுத்தார். 2020இல், 61 வயதில், முதல் கிராமி. 2023இல் கன்ட்ரி ஹோல் ஒஃப் ஃபேம். உங்கள் மகளுக்கு அந்தக் குழுவில் 'இந்தப் பாட்டு எனக்கு வேண்டாம்' என்று சொல்ல இடம் இருக்குமா? அதைத்தான் நான் கேட்பேன்.


கீபோர்ட்_கொட்டாஞ்சேனை

நானும் கலியாண இசைக்குழுவில் 20 வருடமாக வாசிக்கிறவன். அக்கா பயப்படுவது நியாயம், ஆனால் குழு என்றாலே பிள்ளையைப் பிழிகிறவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு 14 வயதில் தகப்பன் இல்லை, என்னை மேடையில் ஏற்றிய மாஸ்டர்தான் பாடசாலைக் கட்டணமும் கட்டினார், பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது வாத்தியத்தைத் தொடவிடாமல் வீட்டுக்கு அனுப்பினார். இன்றைக்கும் அவர் படம் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. மேடை கொடுக்கிற தைரியம் வகுப்பில் கிடைக்காது, உங்கள் மகள் அதை ஒரு தடவை ருசித்துவிட்டாள், முழுவதாக மறித்தால் உள்ளுக்குள் வாடிப்போவாள்.

ஐந்து வருடம் மட்டும் வேண்டவே வேண்டாம். நம் தொழிலில் பெரியவர்களுக்கே நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி வாய்ப்பேச்சுத்தான், 12 வயதுப் பிள்ளைக்கு எதற்கு ஐந்து வருடக் கடதாசி? அதில் வீடியோ யாருக்குச் சொந்தம் என்று என்ன எழுதியிருக்கிறது, வேறு இடத்தில், பாடசாலையில், கோயிலில் பாடலாமா என்று என்ன எழுதியிருக்கிறது, பாருங்கள். கையெழுத்து வைக்கமுன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள், அதற்குக் கொடுக்கும் காசு வீணாகாது. அப்புறம் அந்தத் தலைவரிடம் நேரே சொல்லுங்கள், கடதாசி இல்லை, மாதம் ஒரு நிகழ்ச்சி, இரண்டு பாட்டு, ஒன்பது மணிக்குப் பிள்ளை வீட்டில். பிள்ளையின் பாட்டில் உண்மையாக ஆசை உள்ளவர் என்றால் ஒத்துக்கொள்வார்.


வெள்ளவத்தை_அம்மா

எல்லோருக்கும் மனம் நிறைந்த நன்றி. இன்றைக்குத்தான் உட்கார்ந்து எழுத முடிந்தது, ஏனென்றால் உங்கள் பதில்களை முதலில் இவருக்கு வாசித்துக் காட்டினேன், பிறகு மகளையும் கூப்பிட்டு மூன்று பேருமாக அந்தக் கடதாசியை எழுத்துவிடாமல் வாசித்தோம்.

மொத்தம் நாலு பக்கம், ஆங்கிலம். மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது, குழுவின் அனுமதி இல்லாமல் 'எந்தப் பொது இடத்திலும்' பாடக்கூடாது என்று. மகள் அந்த வரியில் விரலை வைத்து, 'அப்ப நவராத்திரிக்குப் பள்ளிக்கூடத்தில பாடுறதுக்கும் அங்கிளைக் கேக்கணுமா?' என்றாள். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அந்த வரியை மறுபடி வாசித்தார். வீடியோவும் பதிவும் முழுக்கக் குழுவுக்கே சொந்தம் என்றும் கடைசிப் பக்கத்தில் இருந்தது. 12 வயதுக் கையெழுத்து 30 வயது வரை கூட வந்தது என்று தம்பி எழுதியதை நான் எடுத்துச் சொல்ல வேண்டி வரவில்லை, இவரே சொன்னார்.

லீஆன் ரைம்ஸின் 'ப்ளூ'வையும் கேட்கவைத்தேன். மிஸ், தம்பி சொன்னது சரி, அந்தக் குரல் அறுகிற இடத்தை முதல் தடவையிலேயே பிடித்துவிட்டாள், குளியலறைக்குள் நின்று அரை மணித்தியாலம் அந்த ஒரு சொல்லையே முயற்சி செய்தாள். வரவில்லை. 'இவவுக்கும் முதல் நாளே வந்திருக்காதுதானே அம்மா' என்றுவிட்டுத் தூங்கப் போனாள்.

இன்று காலை இவர் அந்தத் தலைவருக்கு அழைப்பு எடுத்தார். கடதாசி வேண்டாம், மாதம் ஒன்று, இரண்டு பாட்டு, பாட்டை மகள் தெரிந்தெடுப்பாள், அவளுடைய சுருதியில், ஒன்பது மணிக்கு வீடு, காசு அவள் பேரில் உள்ள கணக்குக்கு. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, யோசித்துவிட்டு வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றாராம். மகளிடம் சொன்னேன். சரி என்றுவிட்டு, சனிக்கிழமை வகுப்புக்கு எந்த வர்ணம் பாடமாக்கவேண்டும் என்று கொப்பியைத் தேடப் போய்விட்டாள்.